ஒரு திகில் படமும் ஆறு கத்திரிக்காயும்

வெள்ளிக்கிழமை என்ன படம் வருகிறது என்று பார்த்து பயப்படுகிறவர்கள் தயாரிப்பாளர்கள் மட்டும்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், எங்கள் அலுவலகத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு சந்து, சந்துக்குள் ஒரு மாடி, மாடியில் குழந்தைகளைத் தத்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம். அதில் நான் முப்பத்தொரு வருடம் சமூகப் பணியாளனாக இருந்தேன். வெள்ளிக்கிழமை ஒரு படம் வரும். அதில் ஒரு நல்ல குடும்பத்துக்குள் தத்துக் குழந்தை ஒன்று நுழையும். இடைவேளைக்குள் நாய் சாகும், கிளைமாக்ஸுக்குள் பாதிக் குடும்பம் சாகும். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் தொலைபேசி அடிக்கும்.

ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் கவிதா கூப்பிட்டாள். நான் விட்டுவிட்டு வந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"சார், புதுசா ஒண்ணு வந்திருக்கு. இந்தத் தடவை தியேட்டருக்குக்கூடப் போக வேணாம், போன்லயே பார்த்துடறாங்க. மூணு பேரன்ட்ஸ் கூப்பிட்டாச்சு. ஒருத்தர், லிஸ்ட்ல இருந்து எங்க பேரை எடுத்துடுங்கங்கிறார்."

"படத்துல நம்ம ஆள் இருக்காரா?"

"இருக்காங்க சார். லேடி."

"எப்ப சாகறாங்க?"

"நாப்பதாவது நிமிஷம்," என்றாள்.

இந்த வகைப் படங்களில் விதி ஒன்று உண்டு. குழந்தையைப் பார்க்க வரும் சமூகப் பணியாளர்தான் முதலில் சாகிறார். பழைய கோப்பு ஒன்றில் எதையோ கண்டுபிடிப்பார். அதைத் தொலைபேசியில் சொல்ல மாட்டார், நேரில் சொல்கிறேன் என்பார். தனியாக வருவார். மாடிப்படி ஏறுவார். முப்பத்தொரு வருடம் கோப்பும் கையுமாக ஊரிலுள்ள மாடிப்படிகளை எல்லாம் ஏறியவன் என்ற முறையில் இதை நான் தனிப்பட்ட தாக்குதலாகவே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"அந்த மயிலாப்பூர் கேஸை எழுதிக் குடுங்க சார். புதுசா சேர்ந்தவங்களுக்குப் படிக்கக் குடுக்கணும்," என்றாள் கவிதா. எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் முட்டாள்தனத்தை மட்டும் மாற்றவில்லை.

நந்தனத்தில் கல்லூரி, பிறகு சமூகப்பணியில் ஒரு பட்டம், பிறகு கே.கே. நகர் வீட்டில் ஒன்றரை வருடம் சும்மா உட்கார்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தது. இவற்றுக்கு ஒரு வரி போதும். உண்மையான படிப்பு பிலோமினா மேடத்தின் மேஜைக்கு முன்னால்தான் நடந்தது.

மேடம் சாந்தோம்காரர். அம்மா, சித்தி, அத்தை எல்லாரும் ஆசிரியைகள். அந்த ரத்தம் அவருக்குள்ளும் ஓடியது. கஞ்சி போட்ட பருத்திப் புடவை, கையில் ஒரு நீலப் பென்சில். குரலை உயர்த்தியதே கிடையாது. அறிக்கையைக் கொண்டுபோய் நீட்டினால் வாங்க மாட்டார். "படிங்க," என்பார். நாம் நின்றுகொண்டே படிக்க வேண்டும். ஏதாவது ஒரு வார்த்தை வரும்போது பென்சில் ஒரு அங்குலம் உயரும். அத்தோடு நம் கதை முடிந்தது.

என் முதல் அறிக்கையின் முதல் வரி: "இவர்கள் மிகவும் அன்பான தம்பதி."

பென்சில் உயர்ந்தது. "அன்பைப் பார்த்தீங்களா மூர்த்தி?"

"பார்த்தேன் மேடம்."

"எங்க இருந்துச்சு? ஹால்லயா, கிச்சன்லயா?"

"இல்ல மேடம், அது வந்து..."

"என்ன பார்த்தீங்க, அதைச் சொல்லுங்க."

"அவர் காபி குடிச்சுட்டு, அவர் டம்ளரையும் அந்தம்மா டம்ளரையும் அவரே எடுத்துப் போய்க் கழுவி வெச்சார்."

"அதை எழுதுங்க. அன்பை நான் போட்டுக்கறேன்."

பார்த்ததை எழுது, கேட்டதை எழுது, நினைத்ததை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. எங்கள் வேலையின் இலக்கணம் இவ்வளவுதான். இதைக் கற்றுக்கொள்ள எனக்குப் பத்து வருடம் ஆயிற்று, மறக்க ஒரே ஒரு சினிமா போதுமானதாக இருந்தது.

வீட்டாய்வு என்று ஒன்று செய்வோம். குழந்தை வேண்டும் என்று விண்ணப்பிக்கிறவர்கள் வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டும். முதல் தடவை சொல்லிவிட்டுப் போவோம். வீடு பளபளவென்று இருக்கும், தட்டில் கேசரி வரும். இரண்டாவது தடவை சொல்லாமல் போவோம். கேசரி வராது, வீடு வரும். மூன்றாவது தடவை கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்கார வைத்துப் பேசுவோம். குளியலறைத் தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டுகிறதா, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று பார்ப்போம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவோம். கடைசியாக எல்லாரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்களைப் பிடிக்கலைன்னு குழந்தை சொன்னா என்ன பண்ணுவீங்க?" உடனே பதில் சொல்கிறவர்களை மேடம் நம்ப மாட்டார்.

எல்லாம் சரியாக இருந்தால் குழந்தை அவர்களோடு போகும். ஆனால் அது இன்னும் அவர்கள் குழந்தை ஆகிவிடவில்லை. அப்போதெல்லாம் நீதிமன்ற உத்தரவு வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை வளர்ப்பில் இருக்கிறது என்று பெயர். அந்தச் சில மாதங்களில்தான் எங்களுக்கு உயிர் போய் உயிர் வரும். ஏனென்றால் அதற்குள், வேண்டாம் என்று திருப்பிக் கொண்டுவந்து விட முடியும். அப்படித் திரும்பி வரும் குழந்தையின் கோப்பில் ஒரு பத்தி புதிதாகச் சேரும்: "முந்தைய குடும்பத்தில் பொருந்தவில்லை." அடுத்த தம்பதி அந்தப் பத்தியைத்தான் முதலில் படிப்பார்கள். பெரும்பாலும் அதற்கு மேல் படிக்க மாட்டார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஏழெட்டு வருடம் முன்பு நடந்தது இது. ஸ்ரீதர், வைதேகி. மாட வீதிக்குப் பக்கத்தில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அவர் மென்பொருள் நிறுவனத்தில் இருந்தார், தப்புக் கண்டுபிடிப்பதுதான் அவருக்கு வேலை. வைதேகி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. கைக்குழந்தைக்காக வருடக்கணக்கில் காத்திருந்துவிட்டு, கொஞ்சம் பெரிய குழந்தையானாலும் பரவாயில்லை என்று வந்தார்கள். குழந்தையின் பின்னணி பற்றி விருப்பம் ஏதாவது உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி. "இல்லை" என்று எழுதியிருந்தார்கள். வைதேகி மட்டும் ஒன்று கேட்டார்.

"சார், நாங்க ஆத்துல முட்டைகூடச் சேர்க்கறதில்லை. குழந்தை பழகிண்டுடுமோ?"

"பழகிடும் மேடம். நானே என் வீட்டுச் சமையலுக்குப் பழகிட்டேன்," என்றேன். அவர் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

குழந்தையின் பெயர் மலர். காப்பகத்தில் வைத்த பெயர். எட்டு வயது இருக்கலாம். நாலு வயதில் வேறு ஒரு மாவட்டத்தில் பேருந்து நிலையத்தில் கண்டெடுத்திருக்கிறார்கள். அவள் கோப்பு ஒரே பக்கம். பெற்றோர், தெரியவில்லை. ஊர், தெரியவில்லை. அதிகம் பேச மாட்டாள். நாம் பேசும்போது கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பாள், நாம் பேசி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் பார்ப்பாள். எனக்கே சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கத் தோன்றும்.

இந்த இடத்தில்தான் என் கைவரிசை வருகிறது. வளர்ப்பில் இருக்கும் குழந்தைகளைப் பற்றிப் பெற்றோர்கள் தினமும் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம் தயாரித்திருந்தேன். நானே ஸ்கேல் வைத்து நாலு கட்டம் போட்டு நகல் எடுத்தது. சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம், நாலாவதாக "வழக்கத்துக்கு மாறானவை." மேடத்திடம் காட்டியபோது, "பார்க்கலாம்," என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் மூன்று வாரம் நாலாவது கட்டத்தில் "ஒன்றுமில்லை" என்று இருந்தது. நாலாவது வாரம் படம் வந்தது. ஸ்ரீதரின் அலுவலக நண்பர் யாரோ, நீங்க இதை அவசியம் பார்க்கணும் என்று சொல்லியிருக்கிறார். இருவரும் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த தடவை நான் போனபோது ஸ்ரீதர் நோட்டை என்னிடம் தரவில்லை. தானே பிரித்து, எண் போட்டு எழுதியிருந்ததைக் காட்டினார்.

"11. மாலை 5.40. பால்கனிக் கதவருகே அசையாமல் நின்று வைதேகியையே வெறித்துப் பார்த்தாள்.

12. மாலை 6.15. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. பிறகு மெல்ல, மர்மமாகச் சிரித்தாள்.

17. காலை 7.05. பூஜை அறைக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றாள். ஏன்?"

அந்த 'ஏன்' சிவப்பு மையில் இருந்தது.

"சார், அது சினிமா சார்," என்று நான் சிரித்தேன். "படத்துல வர்ற மாதிரின்னா முதல்ல நான்தான் போகணும். நான் இன்னும் இருக்கேன் பாருங்க."

அவர்கள் சிரிக்கவில்லை. பயந்து போயிருக்கிறவர்களிடம் நகைச்சுவை செய்தால், அவர்கள் பயத்தை விட மாட்டார்கள், நம்மிடம் சொல்வதைத்தான் விடுவார்கள். வைதேகி காபி கொண்டுவரப் போனார். சமையலறையில் அவர் கத்தியை எடுத்து மேல் அலமாரியில் வைப்பது தெரிந்தது.

மேடத்திடம் போய்ச் சொன்னேன். "படத்தை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"ஏன்?"

"பயம் மேடம்."

"போய்ப் பார்த்துட்டு வாங்க. பார்க்காத படத்தை சும்மா சினிமான்னு அவங்ககிட்டச் சொல்லக் கூடாது. திரும்பி வந்ததும் வீட்டாய்வு அறிக்கை மாதிரி எழுதிக் குடுங்க."

தியாகராய நகரில் ஒரு மதியக் காட்சி. எனக்குப் பக்கத்தில் கல்லூரிப் பையன்கள் நான்கு பேர். நான் விரலிடுக்கில் பார்த்துக்கொண்டே இருட்டில் குறிப்பு எடுத்தேன். "மச்சி, அங்கிள் இன்னாவோ எழுதிக்கினே கீறாருடா, வீட்ல போய்ப் பரீட்சை வெப்பாங்க போல," என்றான் ஒருவன். என் அறிக்கை இப்படிப் போயிற்று: விண்ணப்பித்த அன்றே, கொட்டும் மழையில், குழந்தை ஒப்படைக்கப்பட்டது. வீட்டாய்வு நடக்கவில்லை. பக்கத்து வீட்டாரிடம் யாரும் விசாரிக்கவில்லை. மாடிக் கைப்பிடி மிகவும் தாழ்வு, அதைக் குறித்திருந்தால் இரண்டு உயிர்கள் மிஞ்சியிருக்கும். சமூகப் பணியாளர் மாடிப்படியில் காலமானார்.

நின்றுகொண்டே படித்தேன். மேடத்தின் உதடு கொஞ்சம் வளைந்தது. "குழந்தை என்ன செஞ்சா?"

"வெறிச்சுப் பார்த்தா மேடம். மெல்ல சிரிச்சா."

பென்சில் உயர்ந்தது. அப்போது எனக்குப் புரியவில்லை. வெளியே சிரித்தேனே தவிர, அந்தப் படம் என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துவிட்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு வைதேகி கூப்பிட்டார்.

"சார், நீங்க உடனே வாங்கோ. அவளை அழைச்சுண்டு போயிடுங்கோ. எங்களால முடியாது."

"என்ன ஆச்சு மேடம்?"

"போட்டோ அனுப்பியிருக்கேன். பாருங்கோ. நான் குளிச்சுட்டு வரேன், சமையல் உள்ளுல உக்காந்துண்டு, அருவாமணையை வெச்சுண்டு... நீங்களே பாருங்கோ."

பார்த்தேன். செய்தித்தாள் மேல் ஆறு நீளக் கத்திரிக்காய்கள் வரிசையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றின் தலையும் வெட்டித் தனியாக வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றின் வயிறும் நீளமாகக் கிழிக்கப்பட்டு, உள்ளே இருந்தது முழுவதும் வழித்து வெளியே எடுக்கப்பட்டிருந்தது. தோலெல்லாம் கீறல். மேலே வெள்ளையாக ஏதோ தூவியிருந்தது.

என் காதில் படத்தின் பின்னணி இசை கேட்டது. சத்தியமாகக் கேட்டது. மேஜையில் உட்கார்ந்து, "குழந்தையிடம் கவலைக்குரிய வன்முறைப் போக்கு தென்படுகிறது" என்று எழுதினேன். முப்பத்தொரு வருடத்தில் நான் எழுதிய மிக மோசமான வரி அதுதான். மேடம் மட்டும் இல்லையென்றால் அது மலரின் கோப்பில் இரண்டாவது பக்கமாகச் சேர்ந்திருக்கும்.

மேடம் அந்த வரிக்குப் பென்சிலைக்கூட உயர்த்தவில்லை. தாளை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வாங்க போகலாம்," என்றார்.

மூன்று மாடி. அறுபதை நெருங்கிய மேடம் முன்னால் ஏறினார். கோப்பும் கையுமாக நான் பின்னால், கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி. மலரைக் கீழ்வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள். ஹாலில் ஒரு சின்னப் பை தயாராக இருந்தது. அவள் துணிகள், பள்ளிக்கூடக் காலணி.

மேடம் பையைப் பார்த்தார். உட்கார்ந்து, "நோட்டுப் புத்தகம் இருக்கா? வைதேகி, நீங்க படிங்க," என்றார்.

"இப்ப எதுக்கு மேடம்?"

"படிங்கம்மா."

வைதேகி படித்தார். "மாலை ஐந்து நாற்பது. பால்கனிக் கதவருகே அசையாமல் நின்று..."

"எவ்வளவு நேரம் நின்னா?"

"ஒரு... நிமிஷம் இருக்கும்."

"அசையாமல்ங்கறதை அடிச்சிடலாமா?"

அடித்தார். 'வெறித்து' போயிற்று. 'மெல்ல' போயிற்று. 'மர்மமாக' போவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று. ஸ்ரீதர் அதற்காக வாதாடினார். "இதெல்லாம் நீங்க பார்த்ததில்ல சார்," என்றார் மேடம். "படத்துல மியூசிக் போடறவர் செய்யற வேலை இது. உங்க வீட்டுல அவரை யார் கூப்பிட்டது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அந்த நாலாவது கட்டம் யாரோடது மூர்த்தி?"

"என்னோடது மேடம்."

"தினமும் ஒண்ணு வழக்கத்துக்கு மாறா நடக்கணும்னு நீங்களே கேட்டிருக்கீங்க. அவங்க தேடிக் குடுத்திருக்காங்க."

அடித்தது போக மிஞ்சியது இவ்வளவுதான்: ஒரு குழந்தை கதவருகே நின்று அம்மாவைப் பார்த்தது. கூப்பிட்டபோது பதில் சொல்லவில்லை, பிறகு சிரித்தது. யாரும் உள்ளே வரச் சொல்லாததால் பூஜை அறை வாசலில் நின்றது.

ஸ்ரீதர் விடவில்லை. "சரி மேடம். வார்த்தையை அடிச்சாச்சு. கத்திரிக்காயை என்ன பண்ணுவேள்? அதுல அடிக்க வார்த்தையே இல்லையே."

"அது மேல போட்டிருக்கறது கல்லுப்பா?" என்று கேட்டார் மேடம்.

"ஆமாம். உங்களுக்கெப்படித் தெரியும்?"

"தோலைக் காம்புப் பக்கம் பார்த்துச் சுரண்டியிருக்கா. கீழேர்ந்து மேலே. குழந்தையைக் கூப்பிடுங்க."

மலர் வந்தாள். பையைப் பார்த்தாள். பிறகு எங்கள் நால்வரையும் பார்த்தாள். மேடம் போட்டோவைக் காட்டினார்.

"இது என்னடா கண்ணு?"

"கழுவி வெச்சேன்."

"எதை?"

"மீனை."

"கத்திரிக்காய்தானே இது?"

"இங்க மீனு இல்ல," என்றாள் மலர், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. "நாளைக்கு வீட்டுக்கு ஆளுங்க வராங்கன்னு அம்மா சொன்னாங்க. அதான் கழுவி உப்புப் போட்டு வெச்சேன்."

நானும் மீன் தின்கிறவன்தான். ஆனால் எங்கள் வீட்டில் மீன் வெட்டி, கழுவி, பொட்டலமாகத்தான் வரும். என்னைப் பொறுத்தவரை மீன் குழம்பில்தான் பிறக்கிறது. மேடம் சிறு வயதிலிருந்து சாந்தோம் வீட்டு முற்றத்தில் பார்த்தது இது. செதிலைச் சுரண்டி, தலையை எடுத்து, வயிற்றைக் கிழித்து, குடலை வழித்து, கல்லுப்பு போட்டுத் தேய்ப்பது. எங்களுக்குக் கொலை. அவருக்கு இறைச்சி தொடாத வெள்ளிக்கிழமைச் சமையல்.

நான் மூச்சு விட்டேன். இனி எல்லாரும் சிரிப்போம் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. மலரை மறுபடி கீழே அனுப்பினார்கள். ஸ்ரீதர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"அப்போ இவ... மீன் விக்கறவாளோட குழந்தையா?" என்று கேட்டார்.

"தெரியாது சார்," என்றார் மேடம். "மீன் கழுவற யாரோ ஒருத்தர் பக்கத்துல இவ உட்கார்ந்திருக்கா. தெரிஞ்சது அவ்வளவுதான்."

அந்த நிமிடத்தில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை இருந்தது சினிமா பயம். குழந்தை கொலைகாரி இல்லை என்று சொல்லிவிடலாம். இந்த விஷயத்தில் எதை இல்லை என்று சொல்வது? படிவத்தில் "இல்லை" என்று ஸ்ரீதர் எழுதியபோது வரப்போகும் குழந்தைக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. ஒரு வெள்ளைத் தாளைத் தத்தெடுப்பது சுலபம். இப்போது அந்தத் தாளில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்துவிட்டாள், கையில் மீனோடு. ஸ்ரீதரின் பார்வை திரும்பத் திரும்ப அந்தப் பையின் மேல் போய்வந்தது.

"எங்களுக்குக் கொஞ்சம் டயம் வேணும்," என்றார் அவர்.

வைதேகி நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பார்க்கணும்," என்றார்.

"எதைம்மா?"

"அவ பண்றதை. நிஜ மீன்ல. நாங்க நினைச்சுண்டதைத்தானே இத்தனை நாளா எழுதிண்டிருந்தோம். பார்த்துடறேன்."

மேடத்துக்கு இது பிடிக்கவில்லை. "குழந்தையை வெச்சு வேடிக்கை காட்டக் கூடாதும்மா. அவளைக் கேளுங்க. வரேன்னா கூட்டிட்டுப் போங்க." மலரைக் கேட்டார்கள். தலையைப் பலமாக ஆட்டினாள். பை அன்று ஹாலிலேயே இருந்தது, பிரிக்கவும் இல்லை, எடுத்துச் செல்லவும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. பட்டினப்பாக்கம் கரையோரம் மேடத்துக்கு வாடிக்கையாக மீன் கொடுக்கும் அஞ்சலை. மேடம் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டார். நாங்கள் நான்கு பேரும் போய் நின்றோம். சரியாகச் சொன்னால் மூன்று பேர். ஸ்ரீதர் சாலைக்கு எதிர்ப்புறம், ஆட்டோ நிறுத்தத்திலேயே நின்றுவிட்டார். வைதேகி துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்தார்.

"இன்னா சார், பிலோமினாம்மா வரலியா?" என்றாள் அஞ்சலை. "இந்தம்மா இன்னா மூக்கப் பொத்திக்கினு நிக்குது, மீன் வாங்க வந்துச்சா, பாடி பாக்க வந்துச்சா?"

"இந்தக் குழந்தைகிட்ட ஒரு மீனைக் குடுங்க. கழுவட்டும்."

"ஏன் நைனா, கைய அறுத்துக்கினா நீ பதில் சொல்லுவியா?"

அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. குழந்தை நலத் துறையில் வேலை செய்துகொண்டே ஒரு குழந்தை கையில் அரிவாள்மணையை எடுத்துக் கொடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஆனால் மலர் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. அஞ்சலைக்குப் பக்கத்தில் போய்க் குந்தினாள். அரிவாள்மணைப் பலகையைப் பாதத்தால் அழுத்திக்கொண்டாள். கூடையிலிருந்து ஒரு சங்கரா மீனை, செவுளுக்குள் விரல் விட்டு எடுத்தாள்.

அஞ்சலை வாயை மூடிக்கொண்டாள். செதில் பறந்தது. வேகம் இல்லை, ஆனால் கைக்கு வழி தெரிந்திருந்தது. சின்னக் கை என்பதால் மீன் இரண்டு தடவை நழுவியது. இரண்டு தடவையும் எடுத்து மறுபடி அழுத்தினாள்.

"இன்னா இது, வால்லர்ந்து வருது பாரேன்," என்றாள் அஞ்சலை மெதுவாக. "யாரு கண்ணு உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"தெரியாது."

"அம்மாவா?"

"தெரியாது. பக்கத்துல உக்காந்திருப்பேன். தண்ணி ஊத்துவேன்." மலர் வயிற்றைக் கிழித்து வழித்தாள். "மூஞ்சி தெரியாது. கை தெரியும்."

நான் வைதேகியைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும், அதுதான் என் வேலை. அஞ்சலையின் மீன் கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அஞ்சலை ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள். மலர் கையைக் கழுவிக்கொண்டாள். நாற்றம் அப்படியே இருந்தது. சாலையைக் கடக்க வந்தோம். ஞாயிற்றுக்கிழமைப் போக்குவரத்து, இரண்டு பக்கமும் பேருந்து. மலர் பழக்கத்தில் வைதேகியின் பக்கம் கையை நீட்டினாள். நீட்டியவள் அவர் மூக்கின் மேல் இருந்த துணியைப் பார்த்தாள். கையைச் சட்டென்று இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

வைதேகியின் ஒரு கையில் குடை. இன்னொரு கை மூக்கில். ஒரு பேருந்து போயிற்று. இன்னொன்று போயிற்று. பிறகு துப்பட்டா மூக்கிலிருந்து நழுவியது. அவர் மலரின் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, அந்தக் கையைத் தேடிப் பிடித்து, இழுத்துக்கொண்டு குறுக்கே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

நீதிமன்ற உத்தரவு வந்தது, கையெழுத்து ஆனது எல்லாம் சில மாதங்கள் கழித்து. கோப்பில் அந்தத் தேதிதான் இருக்கும். என்னைக் கேட்டால், விஷயம் முடிவானது அன்றைக்கு ஆட்டோவில்தான்.

பின்னால் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள், மலர் நடுவில். நான் ஓட்டுநர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க ஒட்டிக்கொண்டேன். ஓட்டுநர் சாவியைத் திருகவில்லை. திரும்பிப் பார்த்து மூக்கைச் சுருக்கினார்.

"இன்னா மேடம், மீனு வாங்கிக்கினு ஏறினா சொல்ல மாட்டீங்களா? சீட்டெல்லாம் நாறிப்பூடும், அடுத்த சவாரி ஏற மாட்டான்."

"மீன் ஒண்ணும் வாங்கலை," என்றார் வைதேகி. "எங்க பொண்ணு கை அது. ஆத்துக்குப் போய் அலம்பிக்கறோம். நீங்க வண்டியை எடுங்கோ."

ஓட்டுநர் வண்டியை எடுத்தார். நான் கண்ணாடியில் பார்த்தேன். ஸ்ரீதர் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து, நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்த மலருக்குக் கொஞ்சம் இடம் விட்டார்.